பதினோரு மீட்டர் தூரத்தில் என்ன நடக்கிறது?

2016 பிப்ரவரி 16-ஆம் தேதி ஜோர்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் பினாங்குக்கும் பகாங்குக்கும் ஆட்டம். முகமட் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் மனம் மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது அந்தக் கோலுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து நம் ஊர்த் திடல்களில் ஒரு வியாதி. பயிற்சிக்கு வந்ததும் முதல் வேலையாகப் பந்தை முப்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் வைத்து அந்த உதையை முயல்வது. பாடாங் பிரவுனில் மாலை நேரம் போய் நின்றால் நீங்களே பார்க்கலாம். பந்து வலைக்குப் போவதைவிடச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் போவதுதான் அதிகம்.

நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆசை இருக்கட்டும். ஆனால் நம் இளைஞர் மன்றங்கள் விளையாடும் ஒரு நாள் எழுவர் போட்டிகளை நினைத்துப் பாருங்கள். பாதிக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் பன்னிரண்டு. காலிறுதி தொடங்கிவிட்டால், சமநிலைக்குக் கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டி. கோப்பை யாருக்கு என்பதை ஃபைஸ் சுப்ரி உதை தீர்மானிப்பதில்லை, இந்தச் சாதாரண உதைதான் தீர்மானிக்கிறது. அதற்கு நாம் ஒதுக்கும் பயிற்சி நேரமோ, கடைசி ஐந்து நிமிடம், சிரித்துக்கொண்டே, வரிசையில் நின்று. "பெனால்டிதானே அண்ணே, சும்மா அடிக்கலாம் லா" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

இந்த உதைக்கு ஒரு வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெனால்டியை முதலில் முன்மொழிந்தவர் ஒரு கோல்காவலர். அயர்லாந்தில் மில்ஃபோர்ட் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம். 1891-இல் அது விதியானது. ஆட்டம் சமமானால் பெனால்டியால் முடிவு காண்பது அதற்கு வெகுகாலம் கழித்து, 1970-இல்தான் வந்தது. அதற்கு முன் சீட்டுக் குலுக்குவார்கள், அல்லது நாணயம் சுண்டுவார்கள். 1968 ஒலிம்பிக்கில் சீட்டுக் குலுக்கலில் வெளியேறிய இஸ்ரேல், அதற்குப் பிறகு இந்த யோசனையை எழுதி அனுப்பியது. ஃபிஃபாவின் நடுவர் குழுவில் இருந்துகொண்டு அதை ஏற்க வைக்க முன்னின்றவர் நம் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் கோ ஈவ் தெய்க். உலகக் கிண்ண இறுதி ஆட்டங்களையே முடிவு செய்யும் இந்த முறையில் ஒரு மலேசியரின் கை இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

இனி கணக்குக்கு வருவோம். பெனால்டிப் புள்ளிக்கும் கோல் கோட்டுக்கும் 11 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து 11 மீட்டரை ஏறக்குறைய 0.4 வினாடியில் கடந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகம் என்றாலும் அரை வினாடிதான். பந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்து, அதன்பின் உடலை அசைத்து, மூலைவரை பாய்வதற்கு அந்த நேரம் எந்தக் கோல்காவலருக்கும் போதாது. அதனால்தான் அவர் முன்கூட்டியே ஊகித்துப் பாய்கிறார். கணக்குப்படி பார்த்தால் அடிப்பவர் தோற்கவே கூடாது. ஆனாலும், இக்னாசியோ பலாசியோஸ் உவெர்த்தா என்ற பொருளியல் அறிஞர் ஐரோப்பியத் தொழில்முறை ஆட்டங்களில் 1,417 பெனால்டிகளை எண்ணிப் பார்த்தபோது, நூற்றுக்கு எண்பதுதான் கோலானது. ஐந்தில் ஒன்று வீண். அதுவும் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு.

அந்த ஐந்தில் ஒன்று எங்கே போகிறது? 2018 டிசம்பர் 5, பாங்காக் ராஜமங்களா அரங்கம், ஆசியான் கிண்ண அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். நம்மில் பலர் மாமாக் கடைத் திரையில் பார்த்திருப்போம். ஆட்டம் 2-2. இதே நிலையில் முடிந்தால் எதிரணித் திடலில் அடித்த கோல் கணக்கில் மலேசியா இறுதிக்குப் போகும். காயத்துக்கான கூடுதல் நேரத்தில் தாய்லாந்துக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் அடிசாக் கிரைசோர்ன். அந்தப் போட்டியில் அதே தாய்லாந்துக்காக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்டவர்! பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. நாம் குதித்தோம். இப்போது பயிற்சி கொடுப்பவனாக அதைத் திரும்பப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. ஆறு கோல் போட்ட கால் ஒரே மாதத்தில் அடிப்பதை மறந்துவிடாது. அவருக்கும் பந்துக்கும் நடுவே வேறு ஏதோ ஒன்று வந்து நின்றது.

அந்த வேறு ஏதோ ஒன்றைத்தான் நாம் பயிற்சி செய்வதில்லை.

நார்வேயின் கெய்ர் யோர்டெட் என்ற விளையாட்டு உளவியலாளர் பெரிய போட்டிகளின் பெனால்டிகளை ஒளிப்பதிவில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஆராய்ந்தார். 'இது கோலானால் நாம் ஜெயித்தோம்' என்ற நிலையில் அடித்த உதைகளில் நூற்றுக்கு 92 வலைக்குள் போயின. 'இது தவறினால் நாம் தோற்றோம்' என்ற நிலையில் அடித்தவை ஏறத்தாழ 60. அதே தூரம், அதே பந்து, அதே தரத்து வீரர்கள். நினைப்பு ஒன்றுதான் வேறு. இன்னொன்றும் கண்டார். நடுவர் விசில் ஊதியதும் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிப்போய் அடிப்பவர்கள் கூடுதலாகத் தவறவிடுகிறார்கள். சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று உடம்பு தவிக்கிறது.

கண்ணைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் வில்சன், கிரெக் வுட் ஆகியோர் ஆட்டக்காரர்களுக்குக் கண் அசைவைப் பதியும் கருவியை மாட்டி பெனால்டி அடிக்கவிட்டார்கள். பதற்றம் ஏற்றப்பட்டதும் அவர்கள் கோல்காவலரைச் சீக்கிரமாகவும் நீண்ட நேரமும் பார்த்தார்கள். பந்தும் அவர் கைக்கு எட்டும் இடத்துக்கே போனது. கண் போகும் வழியில் கால் போகிறது. அர்ஜுனனுக்குப் பறவையின் கண் மட்டும் தெரிந்த கதையைச் சமய வகுப்பில் கேட்டிருப்பீர்கள். நல்ல கதைதான், ஆனால் அந்தப் பறவை கையை விரித்து ஆட்டி, "எங்கடா அடிக்கப் போறே?" என்று கத்தவில்லை. கோல்காவலர் அதையெல்லாம் செய்வார். அவரைப் பார்க்க வைப்பதுதான் அவருடைய வேலை.

சரி, என்ன செய்வது? நான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

நடுக்கோட்டில் நிற்கும்போதே இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். இடமா வலமா, தரையோடா இடுப்பளவா. முடிவு செய்தபின் மாற்றக்கூடாது. ஓடிவரும்போது கோல்காவலர் ஒரு பக்கம் சாய்வதுபோல் தெரியும், மனம் "மாத்து, மாத்து" என்னும். அப்போது மாற்றப்போனால் ஊன்றும் கால் ஒரு திசை, அடிக்கும் கால் இன்னொரு திசை என்றாகிவிடும். பந்து நடுவில் மெதுவாகப் போய் அவர் மடியில் உட்காரும். கடைசி நொடிவரை கோல்காவலரைப் பார்த்து அவர் அசைவுக்கு எதிராக அடிக்கும் வித்தையும் இருக்கிறது. 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஐவன் டோனி பந்தைப் பார்க்காமலேயே கோலடித்தார். பார்க்க அழகு. ஆனால் அது வருடக்கணக்கான பழக்கம். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லித்தருவதில்லை, தரப்போவதும் இல்லை.

பந்தை நீங்களே கையில் வாங்கி, நீங்களே வையுங்கள். எதிரணி ஆள் தூக்கிப்போட்ட பந்தை அப்படியே விட்டு அடிக்க வேண்டாம். வைத்ததும் பின்னால் நான்கைந்து எட்டு. எத்தனை எட்டு என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை. விசில் ஊதட்டும். ஊதியதும் ஒரு மூச்சை மெதுவாக விடுங்கள். நடுவர் திட்டமாட்டார், அது உங்கள் நேரம். குறிவைத்த இடத்தை ஒருமுறை பாருங்கள். பிறகு பந்து, பந்து மட்டும், கால் படும்வரை. ஓடிவரும் வழியில் வேகத்தைக் குறைக்கலாம், தயங்கலாம். ஆனால் பந்தருகே வந்து ஓட்டம் முடிந்தபின் அடிப்பதுபோல் ஏமாற்றினால் மஞ்சள் அட்டை, கோலும் செல்லாது.

ஊன்றும் கால் பந்துக்குப் பக்கவாட்டில், ஒரு பாத அகலம் தள்ளி இருக்க வேண்டும். அது பந்துக்குப் பின்னால் தங்கினால் உடம்பு மல்லாந்து சாயும், பந்து மேலே ஏறும். கம்பத்துக்கு மேலே போகும் உதைகளில் பெரும்பாலானவற்றின் கதை இவ்வளவுதான். உயரத்தில் போகும் பந்தைக் கோல்காவலர் பிடிப்பது மிக அரிது என்பது உண்மை, ஆனால் அங்கே குறிவைத்தால் வெளியே போகும் ஆபத்தும் கூடும். புதிதாகப் பழகுகிறவர்கள் பாதத்தின் உட்பக்கத்தால், தரையோடு, பக்கக் கம்பத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே குறிவைத்து அடியுங்கள். கம்பத்தையே குறிவைத்தால் சிறு பிழைக்கும் இடமில்லை. நான் அந்த ஒரு மீட்டரில் ஒரு ஜப்பான் சிலிப்பரைப் போட்டு வைப்பேன். அது சிலிப்பரா, கோனா என்பது முக்கியமில்லை. குறி என்று ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நடுவில் அடிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1976-இல் பெல்கிரேடில் ஐரோப்பியக் கிண்ண இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா பந்தை மெதுவாகத் தூக்கி நடுவில் போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். மைக்கேல் பார் எலி குழுவினர் 286 பெனால்டிகளை ஆராய்ந்ததில், கோல்காவலர்கள் நூற்றுக்கு ஆறு முறைதான் நடுவிலேயே நின்றார்கள் என்று தெரிந்தது. அப்படியானால் நடுவில் அடிப்பது புத்திசாலித்தனம் அல்லவா? பெரிய அரங்கில் இருக்கலாம். நம் திடல்களில் தரை கல்லும் காய்ந்த மண்ணுமாகக் கிடக்கிறது. முழங்கை தேயும் என்று பாதிப் பேர் பாய்வதே இல்லை, நின்ற இடத்தில் நிற்பார்கள். புத்தகத்தில் படித்ததை நம் திடலில் அப்படியே போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி பயிற்சி. ஒரே இடத்தில் நின்று தொடர்ச்சியாக முப்பது உதை அடிப்பதில் கால் பழகும், ஆனால் ஆட்டத்தில் உங்களுக்கு முப்பது கிடையாது, ஒன்றுதான். அதனால் நாங்கள் இப்படிச் செய்கிறோம். பயிற்சி முடிந்து, கடைசி ஓட்டமும் ஓடி, மூச்சு வாங்கும்போது எல்லாரும் நடுக்கோட்டில் தோளோடு தோள் நிற்க வேண்டும். பெயர் சொன்னதும் ஒருவர் மட்டும் நடந்து போக வேண்டும். ஓடக்கூடாது. மற்றவர்கள் கத்தலாம், கிண்டல் செய்யலாம், தமிழ்ப்படப் பாட்டுப் பாடலாம். ஒருவருக்கு ஓர் உதை. தவறினால் மறுவாய்ப்பு இல்லை, அடுத்த பயிற்சியில்தான். முதல் வாரம் எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாவது வாரம் அந்த நடையின்போது யாரும் சிரிப்பதில்லை.

ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதி வைக்கிறோம். தேதி, யார், எந்தப் பக்கம், என்ன உயரம், கோலா இல்லையா. இரண்டு மூன்று மாதத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஏதாவது தெரிந்துவிடும். ஒரு தங்கைக்கு வலது காலைவிட இடது காலில் அடித்தால் நேராகப் போவது அந்த நோட்டில்தான் தெரிந்தது. 1999 மகளிர் உலகக் கிண்ண இறுதியில் அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டெய்ன் வெற்றி உதையை அடித்ததும் பயிற்றுநர் சொற்படி இடது காலால்தான் என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

யார் அடிப்பது என்ற முடிவையும் அந்த நோட்டைப் பார்த்தே எடுக்க வேண்டும். "யாருக்குத் தைரியம் இருக்கு?" என்று ஆட்டம் முடிந்த களைப்பில் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவன்தான் கை தூக்குவான். பட்டியல் முந்தின நாளே தயாராக இருக்கட்டும். ஐந்தாவது இடத்தில் மிகச் சிறந்தவரை ஒளித்து வைக்காதீர்கள், அவர் முறை வருமுன் எல்லாம் முடிந்துபோகலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. எங்களிடம் பதினைந்து வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். பிளாட் வீட்டுப் பையன், படிக்கட்டு இறங்கும்போதே பந்தோடு வருவான். ஓர் அரையிறுதியில் கடைசி உதை அவனுடையது, கோல்காவலர் தட்டிவிட்டார். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் அவன் முகத்தை வைத்து ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். விளையாட்டாகத்தான் செய்தார்கள், வஞ்சகம் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால், "எஸ்பிஎம் வருது அண்ணே, படிக்கணும்" என்றான். எஸ்பிஎம்முக்கு இரண்டு வருடம் இருந்தது. அவன் இப்போது வேலைக்குப் போகிறான். வழியில் பார்த்தால் நன்றாகப் பேசுவான், காற்பந்தைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

2021 யூரோ இறுதியில் இங்கிலாந்தின் புக்காயோ சாக்கா கடைசி உதையைத் தவறவிட்டபோது அவருக்கு வயது 19. அவரையும், தவறவிட்ட ராஷ்ஃபோர்டையும் சான்சோவையும் நிறத்தைச் சொல்லி இணையத்தில் ஏசினார்கள். மூன்று ஆண்டு கழித்து, அந்தச் சுவிட்சர்லாந்து ஆட்டத்தில், சாக்கா மறுபடி நடந்து போய் அடித்தார், கோல். ஐந்து பேரும் அடித்து இங்கிலாந்து 5-3 என்று ஜெயித்தது. அவரைத் திரும்ப அந்தப் புள்ளிக்கு நடக்கவிட்ட ஓர் அணி அவருக்குப் பின்னால் இருந்தது. நம் அணியில் இப்போது ஒரு விதி உண்டு. உதை தவறியவர் நடுக்கோட்டுக்குத் தனியாக நடந்து வரக்கூடாது. கேப்டன் பாதி வழி போய்க் கூட்டி வரவேண்டும். அவர் பெயரில் ஸ்டிக்கர் கிடையாது. அடுத்த பயிற்சியில் முதல் உதை அவருக்கு.

கோல்காவலர் தம்பிகளுக்கும் இரண்டு வார்த்தை. நம் நாட்டில் இந்த வேலைக்கு ஒரு தமிழர் பெரிய பெயர் வாங்கியிருக்கிறார். ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்டவர், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர். உயரமும் கையும் அவருக்கு இயற்கை கொடுத்தது. நமக்கு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. 2024-இல் ஜோர்டன் பிக்ஃபோர்ட் தன் தண்ணீர்ப் போத்தலில் சுவிட்சர்லாந்து வீரர்கள் யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று ஒட்டிவைத்திருந்தார். முதல் உதையே அகான்ஜியுடையது, அதைத் தடுத்தார். நம் ஒரு நாள் போட்டியில் இதைவிட எளிது. உங்கள் ஆட்டம் இல்லாத நேரத்தில் கூடாரத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கண் பக்கத்துத் திடலில் இருக்கட்டும். காலையில் பெனால்டி அடித்தவர் மாலையில் உங்களுக்கு எதிரே நிற்பார். அவர் ஊன்றும் கால் எங்கே பார்க்கிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது என்று கவனியுங்கள். உதைக்கும் நேரத்தில் ஒரு பாதமாவது கோட்டின்மேல் அல்லது அதற்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற விதியையும் மறக்க வேண்டாம். நல்ல தடுப்பு ஒன்று அதனாலேயே வீணாகலாம்.

ஃபுட்சால் விளையாடுகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அங்கே பெனால்டி 6 மீட்டர், கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோல்காவலர் கையைக் காலை விரித்தாலே பெரும்பகுதி மூடிவிடும். அங்கே மெதுவாக மூலையில் வைப்பதைவிட வேகம் கூடுதலாக வேண்டும்.

ஆண்டின் பிற்பாதியில் மழை பிடித்துக்கொண்டால் பெனால்டிப் புள்ளியைச் சுற்றித்தான் முதலில் சேறாகும், எல்லாரும் கால் வைக்கும் இடம் அதுதானே. 2008-இல் மாஸ்கோவில் செல்சீயின் ஜான் டெர்ரி ஐரோப்பியக் கிண்ணத்தை வெல்லும் உதைக்கு ஓடிவந்து, ஊன்றிய கால் வழுக்கி, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது ஈரத் திடலில்தான். அதனால் பந்தை வைத்தபின் ஊன்றப்போகும் இடத்தைக் காலால் இரண்டு முறை மிதித்துப் பாருங்கள். வழுக்கினால் ஓடிவரும் கோணத்தைக் கொஞ்சம் நேராக்கிக்கொள்ளுங்கள், கடைசி எட்டைச் சிறிதாக வையுங்கள். நடுக்கோட்டிலிருந்து கிளம்பும் முன்பே பூட்டின் அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுங்கள்.